அரைச் சாண் இமயமலை

உங்கள் வீட்டு ஆல்பத்தையோ, இல்லாவிட்டால் செல்போனையோ ஒரு நிமிஷம் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். கொடைக்கானல், உதகை, சிம்லா என்று எங்கே போய் வந்திருந்தாலும் சரி, அதில் கட்டாயம் ஒரு மலைப் படம் இருக்கும். படத்தில் முக்கால் பங்கு வெறும் ஆகாசம். மீதிக் கால் பங்கில் ஓட்டல் கைப்பிடிச் சுவரும், முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பின்னந்தலையும். இரண்டுக்கும் நடுவே சாக்கட்டியால் இழுத்தாற் போல் ஒரு கோடு. பக்கத்து வீட்டு மாமி, "இதில் மலை எங்கே?" என்று கேட்டால் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கும். மாமியும் மரியாதைக்காக, "அடேயப்பா, எத்தனை பெரிய மலை!" என்பாள். மனத்துக்குள் என்ன நினைத்துக் கொண்டாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேரில் பார்த்தபோது அப்படியா இருந்தது? மூச்சே நின்று போகிற மாதிரி அல்லவா இருந்தது? அந்த மலை எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேடிக் கடைக்கு வருகிறவர்களைத்தான் லென்ஸ் வியாபாரிகள் வெற்றிலை பாக்கு வைத்து எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். 2024-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அப்படிப் போனவர்களில் என் அத்தையும் ஒருத்தி. துணைக்கு நானும் போனேன்.

அத்தையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மாமாவைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். மாமா ஒரு நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். "கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர், உலகத்தில் மூன்றாவது உயர்ந்த சிகரம்" என்று அவரிடம் படித்த பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். 1955-ஆம் வருஷம் மே மாதம் ஜோ பிரவுன், ஜார்ஜ் பாண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் முதன்முதலாக அந்தச் சிகரத்தில் ஏறினார்கள். அந்த மலையைத் தெய்வமாகக் கும்பிடும் சிக்கிம் மக்களின் நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று விட்டுத் திரும்பினார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது மாமாவின் கையிலுள்ள சாக்கட்டியும், கரும்பலகையில் வரைந்த சிகரத்துக்கு ஓர் அங்குலம் கீழேயே நின்று விடுமாம்.

ஆனால் மாமா அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. பெண் கல்யாணம், பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்து வழியை மறித்துக் கொண்டன. எல்லாம் தீர்ந்து நிமிர்ந்தபோது கண் தகராறு செய்ய ஆரம்பித்து விட்டது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது என்று டாக்டர் சொன்னார். நேரே பார்க்கிற பொருள் புகை மூட்டினாற் போல் மறைந்து விடும். சுற்று ஓரம் தெரியும். "உன்னைப் பார்த்தால் இரண்டு காதும் தெரிகிறது, மூக்கைத்தான் காணோம்" என்று என்னிடம் அவர் வேடிக்கையாகச் சொல்வார். அந்த வேடிக்கைக்கு அத்தை சிரிப்பதில்லை.

அத்தை ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தாள். நவம்பர் மாதம் டார்ஜிலிங். ரயில் செலவுக்குப் பென்ஷன் பணம். அது தவிர, சீட்டு எடுத்த நாற்பதாயிரம் ரூபாய். அதில் லென்ஸும் வாங்க வேண்டும், அங்கே நாலு நாள் தங்கவும் வேண்டும். காமிரா கையில் இருந்தது. பிள்ளை தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொண்டபோது, பழைய நிக்கான் இசட் 50 காமிராவையும் அதனுடன் வந்த சின்ன லென்ஸையும் அம்மாவிடம் கொடுத்து விட்டுப் போயிருந்தான்.

"ஏண்டி, நீதான் பத்திரிகையில் இருக்கிறாயே, எந்த லென்ஸ் வாங்கினால் மலை மலையாக விழும்? பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும். மாமா இரண்டு நாள் அங்கே பார்ப்பது போதாது. வீட்டிலே தினம் பார்க்க வேண்டும்" என்றாள்.

மவுண்ட் ரோடுப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ரொம்ப நல்ல மாதிரி. மலை என்று சொன்ன மாத்திரத்தில் உள்ளே போய் ஒரு லென்ஸை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வந்தார். 70 முதல் 200 மில்லி மீட்டர். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. விலை லட்சத்தைத் தாண்டியது. "தூரத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே கிட்டே கொண்டு வந்து விடும், அம்மா!" என்றார். அத்தை அதைத் தூக்கிப் பார்த்து விட்டு, "ஆட்டுக்கல்லில் போட்டால் இட்லிக்கு அரைக்கலாம்" என்று மெல்லத் திரும்பக் கொடுத்தாள்.

மறுநாள் எங்கள் காரியாலயத்துப் போட்டோகிராபரைக் கேட்டேன். அவர் நேர்மாறாகச் சொன்னார். "இயற்கைக் காட்சி என்றால் அகல லென்ஸ்தான். பத்து, பன்னிரண்டு மில்லி மீட்டரில் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். வானம், பூமி எல்லாம் வந்து விழும்."

ஒருவர் நீளம் என்கிறார், ஒருவர் அகலம் என்கிறார். சண்டையைத் தீர்த்து வைத்தவர் மாமா.

"ஜன்னலை அளக்காமல் யாராவது திரைச்சீலை வாங்குவார்களா? முதலில் மலை எத்தனை டிகிரி இருக்கிறது என்று பார்" என்றார். என்னைப் பழைய அட்லஸைப் பிரிக்கச் சொல்லி, ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னார். டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்கா நேர்க்கோட்டில் சுமார் 74 கிலோ மீட்டர். டார்ஜிலிங் 2,000 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சிகரம் அதற்கு மேல் ஆறரைக் கிலோ மீட்டர். பூமி உருண்டையாயிருப்பதால் அதில் நானூறு மீட்டரைத் தள்ளி விட வேண்டும். மாமா கண்ணை மூடிக் கொண்டு கணக்குப் போட்டார். "ஐந்து டிகிரிகூடத் தேறவில்லை. கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் கஞ்சன்ஜங்கா மறைந்து போய் விடும்" என்றார்.

உலகத்தின் மூன்றாவது பெரிய சிகரம் மூன்று விரல்! நேயர்களே, ஆல்பத்தில் மலை கோடாகப் போனதற்குக் காரணம் இதுதான். நேரில் பார்க்கும்போது நம் மனம் அந்த மூன்று விரல் இடத்தை மட்டும் பிடித்துக் கொண்டு, ஓட்டல் சுவரையும் பின்னந்தலையையும் தள்ளி விடுகிறது. காமிராவுக்கு மனம் ஏது? இருப்பதையெல்லாம் இருக்கிற அளவில் வாங்கி வைத்துக் கொள்கிறது.

லென்ஸின்மேல் எழுதியிருக்கும் மில்லி மீட்டர்க் கணக்கு பலரை மிரட்டுகிறது. அதைச் சாண் கணக்காக மாற்றிக் கொண்டால் மிரட்டல் போய் விடும். கையை நேராக முன்னால் நீட்டி, கட்டை விரலும் சுண்டு விரலும் எட்டும் மட்டும் விரியுங்கள். அந்த ஒரு சாண் ஏறக்குறைய 20 டிகிரி. விரல்களை மடக்கி முஷ்டியாகப் பிடித்தால் 10 டிகிரி. நடு மூன்று விரல்கள் 5 டிகிரி. குழந்தையின் கை சிறியது என்றால் அதன் நீளமும் சிறியதுதானே? ஆகவே குழந்தை அளந்தாலும் கணக்கு அவ்வளவாக மாறாது. இனி லென்ஸுக்கு வருவோம். 24 மில்லி மீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் மூன்றரைச் சாண் இடத்தைப் பிடிக்கும். 50 என்றால் இரண்டு சாண். 100 என்றால் ஒரு சாண். 200 என்றால் ஒரு முஷ்டி. 400 என்றால் மூன்று விரல். இவ்வளவுதான் ரகசியம். மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுத் தென்னை மரத்தை அளந்து பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் பழகி விடும்.

ஒரே ஒரு விவரம். இந்தக் கணக்கு, 36 மில்லி மீட்டர் அகலமும் 24 மில்லி மீட்டர் உயரமும் உள்ள படத்துக்கு. 1925-ல் லைக்கா காமிரா சந்தைக்கு வந்த நாளிலிருந்து அந்த அளவுதான் எல்லாருக்கும் பொதுப்படியாகி விட்டது. அத்தையின் காமிராவைப் போலச் சின்னத் தகடு உள்ள காமிராக்களில், லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக் கொள்ள வேண்டும். அதாவது அத்தையின் 100 மற்றவர்களின் 150. செல்போனின் சாதாரணக் கண் பெரும்பாலும் 24-ஐ ஒட்டியது. மூன்றரைச் சாண் அகலத்துக்கு நடுவிலே மூன்று விரல் உயரம் மலை! 12 மெகாபிக்ஸல் செல்போன் படத்தில் கஞ்சன்ஜங்காவின் உயரத்துக்கு முந்நூறு புள்ளிகூடக் கிடைக்காது. அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினால் மலை தெரியாது. சலித்துப் போட்ட கோதுமை மாவு மாதிரி ஏதோ தெரியும்.

அப்படியானால் கடைக்காரர் சொன்னதுதானே சரி, தூரத்தில் உள்ளதைக் கிட்டே கொண்டு வருகிற லென்ஸ்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. எந்த லென்ஸும் எதையும் கிட்டே கொண்டு வருவதில்லை. நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிற காட்சியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் உள்ள சின்னது பெரியது என்ற உறவை மாற்ற லென்ஸால் ஆகாது. அதை மாற்றுவது உங்கள் கால்.

கோயில் வாசலில் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். குழந்தைக்கு ஆறடி தூரத்தில் நீங்கள். குழந்தைக்கு இருநூறு அடி பின்னால் கோபுரம். படத்தில் குழந்தை பெரிதாகவும், பின்னால் கோபுரம் கல்யாணச் சத்திரத்து வாசல் வளைவு மாதிரியும் விழும். இப்போது முப்பதடி தூரத்துக்குப் பின்வாங்குங்கள். குழந்தை முன்போலவே பெரிதாகத் தெரியும் வரை ஜூமைத் திருகுங்கள். குழந்தை அதே அளவுதான். ஆனால் பின்னால் கோபுரம் நாலு மடங்குக்கு மேல் வளர்ந்து நிற்கும்! கோபுரத்தை வளர்த்தது ஜூம் அல்ல, நீங்கள் பின்வாங்கிய இருபத்து நாலு அடி. என்னைக் கேட்டால், குடும்பத்தோடு பிரயாணம் போகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தை தெரிந்தால் போதும். பாதி லென்ஸ் வியாபாரம் படுத்து விடும்.

கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் சந்திரன் எழும்புவதைப் பார்க்கக் கூட்டம் சேருகிறது. அத்தனை பேரும் நிலாவைப் பிடிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நிலா கடுகாகத்தான் விழுகிறது. நிலாவின் அகலம் அரை டிகிரி. நீட்டிய கையின் சுண்டு விரலில் பாதி. 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறந்து வைத்த 133 அடித் திருவள்ளுவர் சிலை, அரைக் கிலோ மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் நிலாவைப் போல் ஒன்பது மடங்கு உயரம் தெரியும். எத்தனை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் அந்த ஒன்பது ஒன்பதுதான். நிலாவும் சிலையும் சமமாகத் தெரிய வேண்டுமானால் நாலரைக் கிலோ மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். அங்கே போன பிறகுதான் நீண்ட லென்ஸுக்கு வேலை.

அகல லென்ஸ்காரர்களின் கட்சியையும் அடியோடு தள்ளி விட முடியாது. பின்னால் நகர இடமில்லாதபோது அது தேவைதான். பிராகாரத்தில் முதுகு சுவரில் இடிக்கும்போதும், சின்ன அறையில் எல்லாரையும் சேர்த்துப் பிடிக்கும்போதும் வேறு வழி கிடையாது. காலடியிலேயே அழகு கிடக்கும்போதும் அகல லென்ஸ் அற்புதம் செய்யும். நாற்று நட்ட வயல், அருவிக்கரைக் கூழாங்கல், மார்கழிக் கோலம் இவற்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, 24 மில்லி மீட்டரில், எப் 11 என்ற துவாரத்தில், ஆறடி தூரத்துக்குக் குவித்து வைத்தால் மூன்றடி முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆனால் மண்டியிட வேண்டும். முன்னால் ஒன்றுமில்லாமல் தூரத்து மலையை மட்டும் அகல லென்ஸில் பிடித்தால் வெறும் காலி இடத்தைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம்.

அகலம் வேண்டுமென்றால் அகல லென்ஸ்தான் வேண்டுமென்பதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் வரிசை வரிசையாகக் கல்வெட்டுக்கள் இருக்கின்றனவே, அவற்றை 1858-ல் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராயிருந்த காப்டன் லினேயஸ் டிரைப் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருடைய பிலிம். அவ்வளவு நீளத்தை ஒரே படத்தில் அடக்க லென்ஸ் ஏது? மனுஷர் அசரவில்லை. ஒவ்வோர் இடமாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கி விட்டார். இன்றைக்குச் செல்போனிலுள்ள பனோரமா என்ற வசதி, இந்த ஒட்டு வேலையைக் கண் சிமிட்டும் நேரத்தில் செய்து கொடுக்கிறது. ஆகையால் அகல லென்ஸுக்குப் பணம் வேண்டாம் என்று அத்தை கணக்கில் ஒரு கோடு போட்டாள்.

இன்னொரு கட்சியும் உண்டு. "ஜூமே கூடாது; 50 மில்லி மீட்டர் ஒன்றே ஒன்று போதும்; மற்றதற்குக் கால் இருக்கிறது" என்பார்கள். உலகப் புகழ் பெற்ற ஆன்ரி கார்ட்டியே பிரெஸ்ஸான் வாழ்நாளில் பெரும்பாலும் அந்த ஒரு லென்ஸைத்தான் உபயோகித்தார். 1948 ஜனவரியில் காந்திஜியைக் கடைசி நாட்களில் படம் பிடித்தவர் அவர். மனிதர்களுக்கு நடுவே நிற்கிறவருக்கு 50 போதும், வாஸ்தவம். விலையும் குறைவு, எடையும் குறைவு. ஆனால் இந்த யோசனையைச் சொல்கிறவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி கிடையாது என்று நினைக்கிறேன். அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு மாடி ஏறினால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். தவிர, காலால் நடந்து கிட்டே போக வேண்டுமென்றால் கஞ்சன்ஜங்காவுக்கு 74 கிலோ மீட்டர் நடக்க வேண்டும். கால் போக முடியாத இடத்துக்கும், கால் முடியாதவர்களுக்கும் பகவான் கொடுத்ததுதான் ஜூம்.

கடைசியில் மாமாவின் கணக்குத்தான் ஜெயித்தது. கஞ்சன்ஜங்காவுக்கு இடது கைப்பக்கம் கப்ரு, வலது கைப்பக்கம் பாண்டிம் என்று இரண்டு சிகரங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் டார்ஜிலிங்கிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்பது பத்து டிகிரி. "அரைச் சாண் இமயமலை. அதற்கு உன் காமிராவில் 100 மில்லி மீட்டர் போதும்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமா. அத்தை 50 முதல் 250 வரை போகிற ஒரு ஜூமை, ஒருவர் உபயோகித்ததாக நல்ல நிலைமையில் வாங்கினாள். எடை 405 கிராம். காமிராவுடன் வந்த சின்ன லென்ஸ் 135 கிராம். இரண்டும் காமிராவும் சேர்ந்து ஒரு கிலோ. சீட்டுப் பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. மிச்சத்தை அவள் என்ன செய்தாள் தெரியுமா? டார்ஜிலிங்கில் மலையைப் பார்த்த ஜன்னலுள்ள அறைக்கு நாலு நாள் வாடகை கட்டினாள். அந்த ஊரில் மலை தெரிகிற அறைக்கு ஒரு விலை, சுவர் தெரிகிற அறைக்கு ஒரு விலை. லென்ஸ் வாங்கப் புறப்படுகிற யாருக்கும் எந்தக் கடைக்காரரும் சொல்லாத யோசனை இது. அகல லென்ஸைவிட, நீள லென்ஸைவிட, அந்த ஜன்னல்தான் உயர்ந்த லென்ஸ் என்பது என் அபிப்பிராயம்.

கடைக்காரர் காட்டிய ஒன்றரைக் கிலோ லென்ஸில் ஒரு நியாயமும் இருந்தது. அதன் கண் பெரியது. விடியற்கால மங்கல் வெளிச்சத்தில் அதிக ஒளியை வாங்கும். ஆனால் மலை ஓடுகிறதா என்ன? காமிரா அசையாமல் இருந்தால் சின்னக் கண்ணே நிதானமாக வாங்கிக் கொள்ளும். அத்தை அதற்கு முக்காலி வாங்கவில்லை. ஒரு பழைய தலையணை உறையை மடித்துத் தைத்து, ஒரு கிலோ கேழ்வரகைப் போட்டு வாயைக் கட்டினாள். எந்தக் கைப்பிடிச் சுவரிலும் வைத்து, அதன்மேல் காமிராவை அழுத்தினால் அம்மி மாதிரி உட்கார்ந்து கொள்ளும். நாலாம் நாள் அந்தக் கேழ்வரகைக் கூழ் காய்ச்சி விடலாம்; முக்காலியை என்ன செய்ய முடியும்?

துவாரத்தின் எண் ஒரு தலைகீழ்க் கணக்கு. எண் பெரிதாகப் பெரிதாக ஓட்டை சின்னது. கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸும் நண்பர்களும் 1932-ல் தங்கள் சங்கத்துக்கே எப் 64 என்று பெயர் வைத்தார்கள். அது அவர்களுடைய பெட்டி பெட்டியான காமிராக்களுக்குச் சரி. அத்தையின் காமிராவில் அவ்வளவு தூரம் துவாரத்தைச் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் மழுங்கி விடும். எப் 8 என்று வைத்து விட்டு மறந்து விடலாம். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வந்தவுடன் காமிராப் பையைத் திறக்காதீர்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்ஸில்வர் டம்ளர் மாதிரி லென்ஸ் வியர்த்துப் போகும்.

நவம்பர் மாதம் நாங்கள் மூன்று பேரும் போனோம். 1881-லிருந்து ஓடுகிற அந்தப் பொம்மை ரயிலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. கடை வாசல்களை உரசிக் கொண்டு போகிறது. அங்கே சின்ன லென்ஸை 16 மில்லி மீட்டரில் வைத்து எடுத்ததுதான் சரியாக விழுந்தது. ஆரஞ்சுப் பழக்காரியும், எஞ்சின் புகையும், ஜன்னலில் மாமாவின் மப்ளர் சுற்றிய தலையும் ஒரே படத்தில் இருக்கின்றன.

மலையோ முதல் இரண்டு நாள் முகம் காட்டவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியைக் காயப் போட்ட மாதிரி மேகம். மற்றவர்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி டைகர் மலைக்குப் போய், நனைந்து திரும்பி வந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அத்தை என்னை உலுக்கி எழுப்பினாள். ஆகாசம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஊரெல்லாம் இருட்டு, சிகரம் மட்டும் ரோஜா நிறம். எங்களுக்குச் சூரியன் வருவதற்கு முன்பே அதற்கு வந்து விட்டது.

அத்தை ஜன்னலைத் திறந்து, கேழ்வரகுப் பையைப் போட்டு, படபடவென்று எடுக்க ஆரம்பித்தாள். மாமா சால்வையைப் போர்த்திக் கொண்டு பக்கத்தில் நின்றார். வெகு நேரம் பேசவே இல்லை. பிறகு, "இரண்டு பக்கமும் வெளுப்பாகத் தெரிகிறது. நடுவில்தான் புகை" என்றார். அரைச் சாண் இமயமலையை அவர் கண்ணிலிருந்த புகை முக்கால்வாசி மறைத்து விட்டிருந்தது. அத்தை காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "கப்ரு தெரிகிறதா?" என்று கேட்டாள். "அதன் ஓரம் தெரிகிறது" என்றார் மாமா. அவள் இன்னும் கொஞ்சம் எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் எந்தப் படத்தைப் பிரிண்ட் போடுவது என்று ஒரு விவாதம் நடந்தது. 250 மில்லி மீட்டரில் எடுத்த தனிச் சிகரம் ஒன்று இருந்தது. பனியின் மடிப்புகூடத் தெரியும். அத்தையின் பிள்ளை அதைத்தான் போட வேண்டும் என்றான். அத்தை இரண்டையும் சின்னதாகப் போட்டு மாமாவின் கையில் கொடுத்தாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து விட்டு, மூன்று சிகரமும் உள்ள 100 மில்லி மீட்டர்ப் படத்தை எடுத்துக் கொண்டார். அதை 28 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு, ஊஞ்சலுக்கு எதிரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும்படி மாட்டியிருக்கிறது.

போன வாரம் போயிருந்தபோது மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் பார்வை நடுவில் இல்லை. இடது பக்கம், கப்ருவின்மேல் இருந்தது.

"என்ன மாமா, கப்ருவைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கப்ருவைப் பார்த்தால் கஞ்சன்ஜங்கா தெரிகிறது" என்றார் மாமா.